மலையில் பிள்ளைகளோடு இருக்கிறோம், உதவிக்கு யாரைத் தேடிப் போவது?

கேள்வி இது: "நாமக்கல் பக்கத்திலிருந்து கோத்தகிரிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவருக்கு டீ பேக்டரியில் வேலை, பாதி நாள் இரவு ஷிப்ட். எஸ்டேட் லயனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருக்கிறோம். மூத்தவனுக்கு மூன்று வயது, இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. சின்னவளுக்கு ஐந்து மாதம். எனக்குத் தூக்கமே இல்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள், பத்துப் பதினோரு வயது இருக்கும். பள்ளிக்கூடம் போவதில்லை, கையில் அடிபட்ட தழும்புகள் பார்த்தேன். சொல்லப்போனால் வம்பாகிவிடுமோ என்று பயம். இங்கே யாரையும் தெரியாது. எதற்கு யாரிடம் போவது?"

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி மூன்று பக்கமும் குடும்பங்களோடு வேலை செய்தவள் நான். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்கிறேன். நீலகிரியில் உதவிக்குப் பஞ்சமில்லை, தூரம்தான் பிரச்சினை. மாவட்ட அலுவலகம் என்று பெயர் வைத்த எல்லாமே ஊட்டியில் இருக்கிறது. உங்களுக்கு அது ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். பந்தலூர்க்காரருக்குப் போக வர ஒரு நாள் போய்விடும், ஒரு நாள் கூலியும் போய்விடும். அதனால் மலையில் இருப்பவர்கள் மேலிருந்து கீழே தேடக்கூடாது. நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஆளிடம் தொடங்க வேண்டும். உங்களுக்கு அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள்: அங்கன்வாடி டீச்சர், கிராம சுகாதார செவிலியர். லயனில் யாரைக் கேட்டாலும் "நர்சம்மா என்றைக்கு வருவாங்க" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் புதன்கிழமை, அதுதான் தடுப்பூசி நாள்.

இந்த வாரமே இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போங்கள். வெளியூர், புதுக்குடித்தனம், ரேஷன் அட்டை இன்னும் நாமக்கல் முகவரியில் இருக்கிறது என்பதெல்லாம் தடையில்லை. அங்கன்வாடி, அந்த இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு. உங்கள் லயனில் ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த குடும்பங்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மொழி தெரியாமல் வீட்டுக்குள்ளேயே பிள்ளையை வைத்திருப்பவர்கள் அவர்களில் நிறையப் பேர். பாலூட்டும் தாய்க்குக் குழந்தையின் ஆறு மாதம் வரை சத்துமாவு உண்டு. அந்தக் கணக்கில் உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் முடிந்ததும் சின்னவளுக்கே மாவு கிடைக்கும். மூன்று வயதுப் பையனுக்கு அங்கே மதியச் சோறு, முட்டை, பாட்டு, விளையாட்டு, கூட நான்கு பிள்ளைகள் என்று எல்லாம் உண்டு. பேச்சு வராத பிள்ளைக்கு அந்த நான்கு பிள்ளைகள்தான் பெரிய மருந்து.

போனதும் எடையும் உயரமும் பார்ப்பார்கள். கையில் ஒரு நாடாவைச் சுற்றி அளப்பதையும் பார்க்கலாம். இடது கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், இறுக்காமல் சுற்றுவார்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு 12.5 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பச்சை. 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் மஞ்சள். 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய மெலிவு. மஞ்சள் வந்தால் தாய்மார்கள் வெட்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன், யாரோ நம்மைக் குறை சொல்லிவிட்டதுபோல. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெலிந்த பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் கூடுதல் ஊட்டச்சத்து கொடுக்கிற 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தை முதலமைச்சர் 2022 மே மாதம் தொடங்கி வைத்ததே நம் நீலகிரியில்தான். அந்த நாடா அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தாய் சேய் நல அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தடுப்பூசி விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதக் குழந்தைக்கு ஆறு, பத்து, பதினான்கு வார ஊசிகள் முடிந்திருக்க வேண்டும். வீடு மாறிய அலைச்சலில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். அடுத்தது ஒன்பதாம் மாதம் தட்டம்மை, ரூபெல்லா ஊசி. உங்கள் பக்கத்து ஊரான குன்னூரில் 1907-இலிருந்து தடுப்பூசி வேலை செய்கிற பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. அந்த மலையிலேயே ஊசி விட்டுப்போன பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது.

சரி, பையனின் பேச்சுக்கு வருகிறேன். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும். மூன்று வயதில் சரியாகப் பேச்சில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு", "ஆம்பளப் பசங்க அப்படித்தான்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனாலும் பரிசோதனை செய்த பிறகு அது சரியாக இருக்கட்டும். முதலில் பார்க்க வேண்டியது காது. அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக்கொண்டாலே கேட்பது மந்தமாகி, பேச்சு தள்ளிப்போகும். குளிர் மலையில் சளி இல்லாத பிள்ளை ஏது. நீங்கள் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, கேட்டதை விரலால் காட்டுகிறானா, கண்ணைப் பார்க்கிறானா, மற்றப் பிள்ளைகளோடு சேர்கிறானா என்று நாலைந்து நாள் கவனித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்கப்போவது இதைத்தான்.

அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இரண்டு முறையும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் மருத்துவக் குழு வண்டியில் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் நான்கையும் பார்ப்பார்கள். எப்போது வருவார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். ஆனால் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். கோத்தகிரி அரசு மருத்துவமனையில் காட்டி, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். 2025 ஏப்ரலில் திறந்த 700 படுக்கை மருத்துவமனை அது. முன்பு கோவைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பல விஷயங்களை இப்போது அங்கேயே பார்க்கலாம். போனதும், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் காட்ட வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். காது, பேச்சு, நடத்தை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துப் பயிற்சி கொடுப்பதற்கென்றே ஏற்படுத்திய மையம், கட்டணம் இல்லை. காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், புறநோயாளி சீட்டு மதியத்துக்கு மேல் கிடைக்காது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் மலைப் பகுதிகளுக்கும் வந்துவிட்டது. எந்த பஸ்ஸில் என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். செல்போனைப் பையன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, நீங்கள் செய்வதையெல்லாம் அவனிடம் பேசிக்கொண்டே செய்யுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து தூங்குகிற அப்பாவை எழுப்பிவிடக் கூடாது என்று பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து அமைதியாக்குவது லயன் வீடுகளில் சாதாரணம். ஒற்றை அறையில் வேறு வழி என்ன என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அந்த நேரத்துக்குத்தான் அங்கன்வாடி.

இப்போது உங்களைப் பற்றி. கேள்வியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள், நான் அப்படித் தாண்டப் போவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாள் அழுகை வருவது வழக்கம், தானே போய்விடும். ஐந்தாவது மாதத்திலும் தூக்கமில்லாமல் அழுகை தொடர்கிறது என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். இது நோய்தான், குணக்கேடு இல்லை. சொந்த ஊரையும் அம்மாவையும் விட்டுவிட்டு மூடுபனி ஊரில், கணவர் இல்லாத இரவுகளில், இரண்டு கைப்பிள்ளைகளோடு இருக்கும் யாருக்கும் வரலாம். குணமாகக் கூடியது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் பேசலாம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கும் மனநல ஆலோசனை அது, தமிழில் பேசுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போதுகூடக் கூப்பிடலாம். இந்தியும் உண்டு என்பதால் வடமாநிலத்து அம்மாக்களுக்கும் சொல்லுங்கள்.

நர்சம்மாவிடம் பிள்ளைகளைப் பற்றிப் பேசி முடித்ததும், "எனக்கும் முடியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ரத்தசோகையோ தைராய்டோ இருந்தாலும் இதே சோர்வு வரும், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் போங்கள். பாலூட்டும் தாய் எடுத்துக்கொள்ளக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. மருந்து என்றால் பால் நிறுத்த வேண்டும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் இன்று இரவு தனியாக இருக்காதீர்கள். கணவரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், ஷிப்ட் மாற்றிக் கேட்கட்டும், 108-ஐக் கூப்பிடவும் தயங்க வேண்டாம். அதற்கெல்லாம் ஆம்புலன்சா என்று நினைக்காதீர்கள், அதற்கும்தான்.

அடுத்து பக்கத்து வீட்டுப் பெண். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனசுள்ளவர்கள் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான்.

அவளுக்கு என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. அடித்ததா, விழுந்ததா, அப்பாவா, வேறு யாராவதா, சாட்சி உண்டா என்பதெல்லாம் விசாரிக்க ஆள் இருக்கிறது. ஒரு பிள்ளை பள்ளிக்குப் போவதில்லை, உடம்பில் தழும்புகள் இருக்கின்றன, அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். தகவல் சொல்ல அது போதும்.

1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண். நாள் முழுவதும் இயங்கும், கட்டணமில்லை. 2023-இலிருந்து இதை அரசே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக நடத்துகிறது. அவசரம் என்றால் 112-க்கு இணைப்பார்கள். உங்கள் பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். சொன்னாலும் யார் தகவல் கொடுத்தது என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிவிக்க மாட்டார்கள். பாலியல் கொடுமை என்ற சந்தேகத்தில், நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்று, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்திலேயே இருக்கிறது.

கூப்பிடுவதற்கு முன் ஒன்றை யோசித்து வையுங்கள்: முகவரி. மலையில் கதவு எண் சொல்லி யாரும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. எஸ்டேட் பெயர், எந்த டிவிஷன், எத்தனையாவது லயன், வரிசையில் எத்தனையாவது வீடு, இறங்க வேண்டிய பஸ் ஸ்டாப், அங்கிருந்து ஜீப் போகுமா நடக்க வேண்டுமா, இவ்வளவும் வேண்டும். பெண்ணின் தோராயமான வயது, நீங்கள் எதை எப்போது பார்த்தீர்கள், வீட்டில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா, பெற்றோர் கொழுந்து பறிக்கப் போய் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கேட்பார்கள். "அப்பாதான் அடிக்கிறார்" என்று நினைப்பதைச் சொல்லாமல், "போன வாரம் இடது முழங்கைக்குக் கீழே வரிவரியாகத் தழும்பு பார்த்தேன்" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். வருகிற பணியாளருக்கு அந்தத் துல்லியம்தான் உதவும். கடைசியில் புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவார்கள்" என்ற பயம் லயன்களில் ஆழமாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி, விடுதியில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவு. முதலில் வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்ப்பார்கள். பாதுகாப்பு தேவை என்றால் குழந்தைகள் நலக் குழு முன் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, ஆஜர்படுத்துவார்கள். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுதான் பிள்ளை எங்கே இருப்பது நல்லது என்று முடிவு செய்யும். பெற்றோருக்கு ஆலோசனை, அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தால் அதிலிருந்து மீளச் சிகிச்சை, பிள்ளையைத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் இதில் வரும்.

பணக்கஷ்டம்தான் காரணம் என்றால் அதற்கும் வழி உண்டு. தாய் விதவையாகவோ கைவிடப்பட்டவராகவோ இருந்தாலும், பெற்றோர் தீராத நோயில் விழுந்திருந்தாலும், பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம். கிராமப்புறத்தில் குடும்ப வருமானம் வருடம் 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 'அன்புக்கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் 18 வயது வரை வரும். இதைத் தெரிந்துகொள்ளாமலே பாட்டி வீட்டில் வளர்ந்து, எட்டாவதோடு நின்றுபோகிற பிள்ளைகள் இந்த மலையில் இருக்கிறார்கள். உங்கள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.

அந்தப் பெண் பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகவும் இருக்கலாம். அம்மாவும் அப்பாவும் காட்டுக்குப் போய்விட்டால் வீட்டில் தம்பியை யார் பார்ப்பது? 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே, ஐம்பது பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்கிற, அல்லது பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் இருபது பேருக்குக் குறையாமல் இருக்கிற தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வைத்தாக வேண்டும் என்று இருந்தது. அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது, காப்பகக் கடமை அதிலும் இருக்கிறது. உங்கள் எஸ்டேட்டில் காப்பகம் திறந்திருக்கிறதா, ஆயா இருக்கிறாரா, அல்லது பூட்டுப் போட்ட கட்டிடமா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் சங்கத்துக்காரர்களிடம் பேச வேண்டிய விஷயம் அது. காப்பகம் நன்றாக நடந்தாலே பாதி அக்காமார்கள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள் என்பது நான் கண்ணால் கண்டது. பள்ளித் தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள். ஆறு முதல் பதினான்கு வயது வரை படிப்பு உரிமை. மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்க மறுக்க முடியாது.

ஒருவேளை அந்தப் பெண்ணே உங்களிடம் வந்து ஏதாவது சொன்னால்? செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்காதீர்கள். "ஏன் முன்னாடியே சொல்லல" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாத சத்தியம் அது. "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை, உதவி செய்கிறவர்களிடம் நான் சொல்லப்போகிறேன்" என்று சொல்லுங்கள். தொடுதல் சம்பந்தப்பட்டது என்றால் குளிக்க வைப்பதும் துணி துவைப்பதும் வேண்டாம், அன்றே மருத்துவமனை. சில மருந்துகள் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் தரும். எப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்லக்கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் வரக்கூடாது, பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்கலாம், எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இவையெல்லாம் 2012-ஆம் வருடப் போக்சோ சட்டமும் அதன் விதிகளும் சொல்பவை. தெரிந்திருந்தால் அங்கே நின்று கேட்கலாம்.

இங்கே நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்த விஷயத்தை ஊர்க்கூட்டத்திலோ, எஸ்டேட் ஆபீஸிலோ, பெரிய மனிதர்கள் முன்னிலையிலோ பேசி முடிக்க யாருக்கும் உரிமை இல்லை. பணம் கொடுத்தாலும், மன்னிப்புக் கேட்டாலும், "பொண்ணு பேரு கெட்டுடும்" என்று சொன்னாலும் சரி. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அந்தச் சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. பேசி முடித்த இடத்தில் பிள்ளை மறுபடி அதே ஆளை தினமும் டீக்காட்டு வழியில் பார்க்கிறாள், யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. பிள்ளையின் போட்டோ, பெயர், வீடு எதையும் வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். அதுவும் குற்றம்.

அந்தப் பெண்ணின் அம்மாவே அடி வாங்குகிறவராக இருக்கலாம், பல வீடுகளில் இரண்டும் சேர்ந்துதான் நடக்கிறது. 181 பெண்களுக்கான உதவி எண். ஊட்டியில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, தங்க இடம், மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி ஒன்றாகக் கிடைக்கும். வக்கீலுக்குப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆதிவாசி, பட்டியலின மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு விஷயம். இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களில் பிள்ளைக்கு அடிக்கடி மூட்டு வலி, சோகை, மஞ்சள் கண், கைகால் வீக்கம் என்றால் பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் ரத்தசோகைக்குப் பரிசோதனை செய்ய வேண்டும். குளிரும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் அந்த வலியைக் கிளப்பும், மலையில் இரண்டுமே உண்டு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும் இந்த நோயில் பல வருட அனுபவம் உள்ளவை. அரசு மருத்துவமனைகளிலும் பரிசோதனை உண்டு. அப்புறம் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. வருட வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை. நோய் வந்த பிறகு அட்டைக்கு அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

புது ஊர் என்பதால் பாதுகாப்பு பற்றியும் இரண்டு விஷயம். டிசம்பர், ஜனவரி உறைபனியில் பிள்ளைகள் நடுங்குகிறார்கள் என்று கரி அடுப்பையோ கங்குச் சட்டியையோ அறைக்குள் வைத்துக் கதவை மூடித் தூங்கி, உயிர் போன சம்பவங்கள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நடந்திருக்கின்றன. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். புகை இல்லாமல் கனல் மட்டும் இருந்தாலும் அது வரும். குளிருக்குக் கம்பளியும் தொப்பியும்தான், அடுப்பு வெளியே. தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் உடனே எல்லோரையும் வெளியே தூக்கி வந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, இருட்டின பிறகு தேயிலைக்குள் இருக்கும் ஒற்றையடிப் பாதையில் பிள்ளைகளைத் தனியாக விடக்கூடாது. கோத்தகிரியில் கரடி, காட்டெருமை, சிறுத்தை மூன்றும் உண்டு. 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கம் வடமாநிலத் தொழிலாளர் குடும்பத்தின் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது, அம்மாவோடு அங்கன்வாடியிலிருந்து திரும்பும் வழியில், பட்டப்பகலில். அதனால் அங்கன்வாடிக்கு நான்கைந்து அம்மாக்கள் சேர்ந்தே போய் வாருங்கள். மழைக்காலத்தில் மண்சரிவு, மரம் விழுந்தது என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

கடைசியாக, சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் என்ன செய்வது. இது நடக்கிற விஷயம்தான். ஒரு வாரத்தில் அந்த வீட்டுக்கு யாரும் வந்ததாகத் தெரியவில்லை என்றால் மறுபடி 1098-ஐக் கூப்பிட்டு, முன்பு கொடுத்த புகார் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் புதுத் தழும்பு பார்த்திருந்தால் தேதியோடு சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால், ஒரு பக்கத்தில் மனு எழுதித் திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு என்று எழுதி, புகார் எண்ணையும் தேதிகளையும் போட்டு, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். நீங்களே போக முடியாவிட்டால், கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. அங்கன்வாடி டீச்சரும் நர்சம்மாவும் அதில் இருப்பவர்கள்தான். புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது கூட்டம் கலையும் வரை கொஞ்சம் பொறுத்திருந்து, இருவரிடமும் தனியாகச் சொல்லுங்கள்.